ஹெட்டிங் அடித்ததால்தான் அப்பாவுக்கு மறதி வந்ததா?

கேட்டவர் அரக்கோணத்துக்காரர். அப்பாவுக்கு 71 வயது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்குச் சேர்ந்தவர், முப்பத்தெட்டு வயதுவரை ஃபுட்பாலில் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் டிஃபென்டராக ஆடியவர். இரண்டு வருடமாகப் பெயர்கள் மறக்கின்றன. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது. போன மாதம் காட்பாடி ஸ்டேஷனில் எந்தப் பிளாட்பாரம் என்று தெரியாமல் நின்றுவிட்டாராம். இங்கிலாந்தின் பழைய உலகக்கோப்பை வீரர்கள் பலருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்ததைப் படித்துவிட்டு, அப்பாவுக்கும் தலையால் பந்து அடித்ததால்தானா என்கிறார். கூடவே இன்னொன்று: அவருடைய பத்து வயது மகனும் ஆடுகிறான், நிறுத்திவிடலாமா?

நான் ராணிப்பேட்டையில் பொது மருத்துவம் பார்ப்பவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். படிக்கும் காலத்தில் கொஞ்சம் பந்தும் ஆடியிருக்கிறேன், விங்கில். தலையை அதிகம் நீட்டாத இடம். நேராகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற ஃபுட்பால் வீரர்களுக்கு வரும் மறதி நோய்க்கு முதல் சந்தேகம், வருடக்கணக்கில் தலையில் திரும்பத் திரும்ப விழும் சின்னச் சின்ன இடிகள்தான். அதற்கான ஆதாரம் இன்று வலுவாக இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இருப்பது அதுதான் என்று சொல்ல அந்த ஆதாரம் மட்டும் போதாது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றில் மருந்தால் சரியாகக்கூடியவையும் உண்டு.

முதலில் ஆதாரம். 2019-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. 1900 முதல் 1976 வரை பிறந்த 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களை, அதே வயது, அதே மாதிரி வாழ்க்கை வசதி உள்ள 23,028 சாதாரண ஆண்களோடு ஒப்பிட்டார்கள். மூளை நரம்புகள் தேய்ந்து இறந்தவர்கள் வீரர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அல்சைமர் என்று பதிவான இறப்புகளை மட்டும் எடுத்தால் ஐந்து மடங்கு.

இதைக் கேட்டதும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். விளையாட்டுக்காரர்கள் திடகாத்திரமானவர்கள், அதிக வயதுவரை இருக்கிறார்கள், வயதானால் மறதி வரத்தானே செய்யும்? நியாயமான கேள்விதான். அந்த ஆய்விலேயே, எழுபது வயதுவரை வீரர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிடக் குறைவு. இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தவர்களும் குறைவு. ஆனால் மூன்றரை மடங்கு என்பது வயதுக்கு வயது ஒப்பிட்டு எடுத்த கணக்கு. அதிக நாள் வாழ்ந்ததால் வந்த கூடுதல் அல்ல அது. சொல்லப்போனால் இதயம் நன்றாக இருக்கிறவனுக்கு மறதியும் குறைவாகத்தான் வர வேண்டும், ஏனென்றால் ரத்தக்குழாய் கெட்டால் மூளையும் கெடும். இங்கே இதயம் நன்றாக இருந்தும் மூளை கெட்டிருக்கிறது. அப்படியானால் மூளைக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது.

என்னை முழுதாக நம்ப வைத்தது கீப்பர்கள். 2021-இல் அதே குழு ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தது. கீப்பர்களுக்கு ஆபத்து கூடியதாக உறுதிப்படவில்லை. மற்ற இடங்களில் ஆடியவர்களுக்குக் கூடியிருந்தது, எல்லோரையும்விட அதிகம் டிஃபென்டர்களுக்கு, ஏறக்குறைய ஐந்து மடங்கு. மிகக் குறைந்த காலம் ஆடியவர்களுக்கு இரண்டு மடங்கு சொச்சம், பதினைந்து வருடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு ஐந்து மடங்கு. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கீப்பரும் அதே டீம், அதே சாப்பாடு, அதே பஸ் பயணம், ஆட்டம் முடிந்தால் அதே பார்ட்டி. போஸ்ட்டில் மோதுவதும் எதிராளியின் முட்டியில் தலை இடிபடுவதும் கீப்பருக்கும் உண்டு. அவர் செய்யாதது ஒன்றே ஒன்று, நாள் முழுக்கத் தலையால் பந்து அடிப்பது. குடிப்பழக்கம்தான் காரணம், வலிமாத்திரைதான் காரணம் என்று வாதாடுகிறவர்கள் கீப்பரை எப்படி விளக்குவார்கள் என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன், இன்னும் திருப்தியான பதில் வரவில்லை.

ஸ்வீடனில் 2023-இல் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது, எண்ணிக்கை மட்டும் மென்மையாக. அங்கே முதல் நிலை லீகில் ஆடிய 6,007 பேரில் நரம்புத் தேய்வு நோய் வந்தவர்கள் 9 சதவீதம், மற்ற ஆண்களில் 6 சதவீதம். ஒன்றரை மடங்கு. அங்கேயும் கீப்பர்களுக்கு அதிகம் இல்லை. ஸ்காட்லாந்துக் கணக்கையே பிடித்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆடியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த நோய் வரவில்லை.

சரி, இடித்தால் உள்ளே என்ன ஆகிறது? தயிர் உறைந்த சட்டியைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். சட்டி திரும்பிவிடும், தயிர் ஒரு கணம் பின்தங்கி ஓரத்தில் விரிசல் விடும். மண்டை ஓட்டுக்குள் மூளையும் அப்படித்தான். பந்து நெற்றியில் பட்டுத் தலை திடீரென்று அசையும்போதும் திரும்பும்போதும் மூளை பின்தங்குகிறது, மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. அந்த இழைகளுக்குள் சாரம் கட்டினாற்போல் தாங்கி நிற்பது டாவ் என்ற புரதம். இழை இழுபட இழுபட டாவ் கழன்று, முறுக்கிக்கொண்டு, கட்டியாகச் சேர்கிறது. அது சேரும் இடம்தான் கவனிக்க வேண்டியது. மூளையின் மடிப்புகளின் அடியில், சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி. இழுவிசை அதிகம் விழும் இடமும் அதுவே. இந்த நிலையைத்தான் சி.டி.இ. என்கிறார்கள். சாதாரண அல்சைமரில் டாவ் படிவது வேறு மாதிரி, கூடவே அமிலாய்டு என்ற இன்னொரு கசடும் இருக்கும். பல வீரர்களின் மூளையில் இரண்டும் கலந்தே இருந்திருக்கின்றன.

மயங்கி விழுந்தால்தான் ஆபத்து, மற்றபடி ஒன்றுமில்லை என்று நம் ஊர்க் கோச்சுகள் இன்றும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 2023-இல் அமெரிக்காவில், ஹெல்மெட் போட்டு மோதும் அவர்களுடைய ஃபுட்பாலில் ஆடி இறந்த 631 பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். எத்தனை முறை மூளை அதிர்ச்சி ஏற்பட்டது என்று எண்ணியதை வைத்து நோயைக் கணிக்க முடியவில்லை. வாழ்நாளில் தலை வாங்கிய மொத்த இடிதான் கணித்தது. நம் ஃபுட்பாலிலும் 2016-இல் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கார்னர் கிக் வேகத்தில் வரும் பந்தை இருபது தடவை தலையால் அடிக்க வைத்தார்கள், உடனே ஞாபகச் சோதனை. மதிப்பெண் 41 முதல் 67 சதவீதம் வரை சரிந்தது, ஒரு நாளுக்குள் பழையபடி ஆனது. ஒரு நாளில் தேறிவிடுகிறதே என்று விட்டுவிடலாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆட்டக்காரருக்கு மறுநாள் காலையிலும் பிராக்டிஸ் உண்டு. உங்கள் அப்பா எத்தனை மேட்ச் ஆடினார் என்பது அவ்வளவு முக்கியமில்லை. அந்தக் காலத்துப் பிராக்டிஸில் கோச் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்க, வரிசையில் நின்று எத்தனை அடித்தார் என்பதுதான் கணக்கு.

பழைய தோல் பந்தின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. உள்ளே பிளாடர் போட்டு, வாயை லேஸால் கட்டுவார்களே, அந்தப் பந்து. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆட்களுக்குத் தோல் தண்ணீர் குடிப்பதைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரமானால் அந்தப் பந்து கனக்கும், உண்மை. ஆனால் காய்ந்திருக்கும்போது அதன் எடை இன்றைய பந்தின் எடைதான்; ஏறக்குறைய 410-இலிருந்து 450 கிராம் என்ற விதி 1937-இலிருந்து பெரிதாக மாறவில்லை. வருடத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து வெடித்துக் கிடக்கும் நம் மைதானங்களில் ஈரப் பந்து எத்தனை நாள் ஆடியிருக்கப்போகிறோம்? 1986 உலகக்கோப்பையில்தான் முழுக்க செயற்கைப் பொருளால் ஆன பந்து வந்தது. அது தண்ணீர் குடிக்காது, சரி. ஆனால் வேகமாக வரும். வேகம் இரண்டு மடங்கானால் இடியின் ஆற்றல் நான்கு மடங்கு. கிளாஸ்கோ ஆய்விலும் பிற்காலத்தில் பிறந்து ஆடியவர்களுக்கு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் அது அந்தக் காலத்துப் பிரச்சினை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

நீங்கள் படித்த இங்கிலாந்துச் செய்தியும் உண்மைதான். 1966-இல் கோப்பை வென்ற அணியில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நோபி ஸ்டைல்ஸ், சார்ல்டன் சகோதரர்கள் இருவர் என ஐந்து பேருக்கு டிமென்ஷியா இருந்தது. அதற்கு முன்பே ஜெஃப் ஆஸ்டில் என்ற ஸ்ட்ரைக்கர், தலையால் கோல் போடுவதில் பேர்போனவர், 2002-இல் 59 வயதில் இறந்தார். விசாரித்த அதிகாரி அந்த மரணத்துக்குக் காரணம் தொழில் நோய் என்று எழுதினார். டேனரியில் குரோமியத்தால் கையில் புண் வந்தவருக்கு நாம் எழுதுகிற அதே வார்த்தை, ஒரு பந்து ஆட்டக்காரருக்கு. 2014-இல் அவருடைய மூளையை மறுபடி பரிசோதித்தபோது சி.டி.இ. இருந்தது. 1958-இல் பிரேசிலுக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் பெல்லினி டிஃபென்டர். அவருக்கும் அல்சைமர் என்றே சொல்லி வந்தார்கள், இறந்தபின் பார்த்தால் சி.டி.இ.

நம் பக்கம் இப்படிப்பட்ட கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய கேப்டனாக இருந்த பி.கே. பானர்ஜி 2020-இல் காலமானபோது அவருக்குப் பார்க்கின்சனும் டிமென்ஷியாவும் இருந்ததாகச் சொன்னார்கள். அதற்கு ஃபுட்பால்தான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தத் தலைமுறை எப்படி ஆடியது என்பது தெரிந்த கதை. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நம் டிஃபென்டர் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு இறங்கினார், அதுவும் ஃபார்வர்டாக. இறுதி ஆட்டத்தில் கோலும் போட்டார், தங்கமும் வந்தது. நாம் அதைக் கைதட்டித்தான் சொல்லி வளர்ந்தோம். நானும் கைதட்டியவன்தான். இன்று ஒரு பையன் அப்படி இறங்கினால் மைதானத்துக்குள் ஓடிப்போய் வெளியே இழுத்து வருவேன்.

மற்ற காரணங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. அல்சைமருக்கு ஏபிஓஇ என்ற மரபணுவின் ஒரு வகை ஆபத்தைக் கூட்டுகிறது. வீட்டில் தாத்தா, அத்தை யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்பது அதனால்தான். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. தலைக்காயம் அதில் ஒன்று. ஷுகர், பி.பி., கெட்ட கொழுப்பு, புகை, குடி, காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆட்டத்தை நிறுத்தியபின் உடம்பு போட்டு, ஷுகர் வந்து, பழைய டீம் ஆட்களோடு சாயங்காலம் குடிக்க உட்கார்ந்த வீரர்களை எனக்குத் தெரியும். ஒரே மனிதரிடம் இதில் நான்கைந்து சேர்ந்தே இருக்கும். அப்புறம் தலைக்காயம் என்றால் பந்து மட்டுமா? சென்னை–பெங்களூர் ஹைவேயில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தது நம் மாவட்டத்தில் எத்தனை பேர். அப்பா எப்போதாவது வண்டியிலிருந்து விழுந்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். சில சமயம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கும்.

இனி அப்பாவுக்கு என்ன செய்வது. சி.டி.இ. என்பதை உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய இன்று பரிசோதனை கிடையாது. மூளைத் திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அது இறந்தபின்தான். அப்படி இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராயும் மூளை வங்கி பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995-இலிருந்து இருக்கிறது. ஆகவே, ஹெட்டிங் அடித்ததால்தான் என்று யாராவது ஸ்கேன் பார்த்துவிட்டு அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அதே மாதிரி, வயசானா இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினாலும் ஏற்காதீர்கள். உங்களிடம் இந்த இரண்டாவதைச் சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் டிமென்ஷியா பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள், 10/66 என்ற உலகளாவிய ஆய்வுக் குழுவோடு சேர்ந்து. உலகில் இந்த நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில், ஆனால் ஆய்வில் 10 சதவீதம்கூட இங்கே நடக்கவில்லை என்பதற்காக வைத்த பெயர் அது. நம் பக்கத்துக் குடும்பங்கள் மறதியை நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை: பி12, தைராய்டு, ஷுகர், சோடியம், சிறுநீரகம். மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையும். குறைந்தால் மறதியும் வரும், காலும் மரத்துப்போகும். ஊசி போட்டால் பலருக்குத் தேறுகிறது. அடுத்து தலை ஸ்கேன். வயதானவர்களுக்குச் சின்ன இடியில்கூட மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேரும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது, பிறகு குழப்பம், தள்ளாட்டம். அதை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். மறதியோடு கால் தரையில் ஒட்டினாற்போல் நடையும், சிறுநீர் அடக்க முடியாமையும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம், அதற்கும் வழி உண்டு. போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் வயதானவர்களின் புத்தியை மங்கச் செய்யும். காதைப் பரிசோதியுங்கள். ஓய்வுபெற்றபின் மனம் சோர்ந்தவரும் மறதிக்காரர் போலவே தெரிவார்.

இவற்றுக்கெல்லாம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போதும். சிக்கல் தெரிந்தால் அங்கிருந்தோ நேராகவோ சி.எம்.சி. நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். டாக்டரிடம் ஆட்ட விவரத்தை நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்க மாட்டார். எந்த வயதிலிருந்து எந்த வயதுவரை, எந்த இடத்தில், வாரத்துக்கு எத்தனை நாள் பிராக்டிஸ், மயங்கி விழுந்தது உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் கோபத்தையும் சொல்லுங்கள். தலையில் இடிபட்டு வரும் நோயில், மறதிக்கு முன்பே குணம் மாறுவது உண்டு. வீட்டில் எல்லோரும் அவர் வேண்டுமென்றே சண்டை போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

டிமென்ஷியாதான் என்று முடிவானால், முழுதாக மாற்றும் மருந்து இல்லை. சிலருக்கு ஞாபகத்தைக் கொஞ்ச நாள் தாங்கிப்பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. ஷுகர், பி.பி. மாத்திரை தவறக்கூடாது, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக ரயிலில் அனுப்பாதீர்கள், சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். மைதானத்திலிருந்து மட்டும் அவரைப் பிரிக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் டிமென்ஷியா உள்ளவர்களை உட்காரவைத்துப் பழைய ஆட்டப் படங்களைக் காட்டிப் பேசவைக்கும் குழுக்களே இருக்கின்றன. நேற்றுச் சாப்பிட்டது மறந்தவர் எந்த டோர்னமென்ட்டில் யாரை மார்க் செய்தோம் என்று சொல்வார். கூட ஆடியவர்கள் யாராவது அரக்கோணத்தில் இருந்தால் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பையன் விஷயம். ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். ஓடுவதால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அந்த ஆய்வுகளிலேயே தெரிகிறது. நிறுத்த வேண்டியது ஹெட்டிங் பிராக்டிஸை மட்டும். அமெரிக்காவில் பத்தும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு ஹெட்டிங்கே கூடாது என்று 2015-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் 2020-இலிருந்து பதினொரு வயதுக்குட்பட்ட பிரிவுகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் கிடையாது. இங்கிலாந்தில் பெரிய தொழில்முறை வீரர்களுக்கே பயிற்சியில் வாரத்துக்குப் பத்து வேகமான ஹெட்டர்தான் என்று 2021-இல் வரம்பு வைத்தார்கள். கோச்சிடம் போய்ச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார், பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் கற்றுக்கொள்ளும்போது காற்று குறைந்த லேசான பந்தில், நெற்றியால், கழுத்தை இறுக்கி அடிக்கக் கற்கட்டும், வாரத்துக்குச் சில தடவை போதும். தலையில் பலமாக இடிபட்டு ஒரு நொடி மலங்க விழித்தால்கூட அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, ஃபைனலாக இருந்தாலும் சரி. தலைவலியும் தலைசுற்றலும் முழுதாகப் போய், டாக்டர் பார்த்துச் சொன்னபிறகு திரும்ப இறங்கட்டும். கீப்பராகப் போடலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அவனுக்குப் பிடித்திருந்தால் போடுங்கள், பயந்து போட வேண்டாம்.